நடையும் நெஞ்சும்

தமிழில் ‘நெஞ்சு’ என்னும் சொல் மூன்று பொருள்களை ஒருங்கே சுமந்து நிற்பது. விலா எலும்புகள் சூழ்ந்த மார்பும் நெஞ்சு. அம்மார்பினுள் ஓயாது துடிக்கும் இருதயமும் நெஞ்சு. அஞ்சுவதும் நம்புவதும் ஏங்குவதுமாகிய மனமும் நெஞ்சு. ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டபோது இம்மூன்றாவது பொருளையே கருதினார். இருதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களைக் காணும்போதெல்லாம் இச்சொல்லின் பொருத்தம் நமக்கு நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு மார்பெலும்பு நடுவே பிளக்கப்பட்டு, மீண்டும் உலோகக் கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இருதயத்துக்குப் புதிய இரத்த வழி அமைக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டு நெஞ்சுக்கும் வேண்டியன செய்த மருத்துவமனை, மூன்றாவது நெஞ்சைப் பெரும்பாலும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அதைப் பற்றியும், அதனைத் தேற்றுவதற்கு நடை என்னும் எளிய பயிற்சி எவ்வாறு துணை செய்கிறது என்பதைப் பற்றியும் இன்று பேசுவோம்.

‘பைபாஸ்’ என்று எல்லோரும் வழங்கும் இச்சிகிச்சை மிகப் பழையதன்று. அர்ஜென்டைனா நாட்டவரான ரெனே ஃபவலோரோ என்னும் மருத்துவர் 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாயைக் கொண்டு இருதயத்தின் அடைப்பைச் சுற்றிப் புதுவழி அமைத்தார். அதன் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் 1975-இல் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இதனைச் செய்து, முன்னோடிகளுள் ஒருவராகப் பெயர் பெற்றார். இன்றோ தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் முதலிய நகரங்களிலெல்லாம் இது அன்றாட நிகழ்ச்சி. நம்மவர் குடியிருக்கும் எந்தத் தெருவிலும் மார்பின் நடுவே நீண்ட தழும்புடைய ஒருவரையேனும் காணலாம்.

சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உற்றார் வந்து பார்க்கிறார்கள். பழம் வாங்கி வருகிறார்கள். “கண்டம் தப்பியது, இனிக் கவலை இல்லை” என்று சொல்லிப் போகிறார்கள். நோயாளியும் தலையசைக்கிறார். ஆனால் இரண்டாவது வாரத்திலோ மூன்றாவது வாரத்திலோ, வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு, அவரிடம் ஒரு மாறுதல் தோன்றுகிறது. காரணமின்றிக் கண் கலங்குகிறார். இரவில் உறக்கம் இல்லை. உறங்கினாலும் கெட்ட கனவு. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்திருக்கிறார். பெயர்கள் நினைவுக்கு வருவதில்லை. பேரக் குழந்தை ஓடி வந்தால் எரிச்சல். இடப்பக்கமாகப் படுத்தால் தம் இருதயம் துடிப்பது காதில் கேட்கிறது. அதை எண்ணிக்கொண்டே விடியும்வரை கிடக்கிறார்.

இது கோழைத்தனமும் அன்று, நன்றியின்மையும் அன்று. பெரிய அறுவைக்குப் பின் உடல் முழுவதும் ஒருவகை அழற்சி பரவியிருக்கிறது. மயக்க மருந்தும், வலியடக்கும் மருந்துகளும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு பகல் தெரியாமல் கழித்த நாட்களும் மூளையைச் சோர்வடையச் செய்துள்ளன. இருதயச் சிகிச்சை செய்துகொண்டோருள் ஐவரில் ஒருவருக்கேனும் மருத்துவர் கவனிக்கத்தக்க அளவில் மனச்சோர்வு உண்டாகிறது. பலருக்குச் சில வாரங்களில் அது தானே விலகிவிடும். விலகாமல் நிலைத்துவிட்டவர்களுக்கு உடலும் மெதுவாகவே தேறுகிறது. மருந்தைத் தவறவிடுவதும், மீண்டும் மருத்துவமனை சேர நேர்வதும் அவர்களிடத்தே மிகுதி. ஆதலின் இதனை ‘வெறும் மனக் குறை’ என்று ஒதுக்குவதற்கில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. ஊரில் இருந்தால், திண்ணையில் உட்கார்ந்தாலே போகிறவர் வருகிறவர் நான்கு பேர் நலம் விசாரிப்பர். இங்கே மூன்றாவது மாடியில் கதவைச் சாத்தினால் உலகம் முடிந்தது. ஊரிலிருந்து வந்த தங்கையோ மைத்துனரோ பத்து நாள் இருந்து திரும்பிவிடுகிறார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகின்றனர். அலுவலகத்தில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ சரளமாகப் பேசியவருக்கும், நோயுற்ற பின் மனத்தில் உள்ளதைச் சொல்லத் தாய்மொழிதான் வாய்க்கு வருகிறது. மருத்துவரிடம் “வலி இருக்கிறதா?” என்ற கேள்விக்கு வேற்று மொழியில் விடை சொல்லலாம், “மனம் என்னவோ போல் இருக்கிறது” என்பதை எந்த மொழியில் சொல்வது?

மும்பை மாதுங்கா வட்டாரத்தில் நாம் அறிந்த ஒருவர் இருந்தார். ஒரு கம்பெனியில் கணக்கராக முப்பதாண்டு உழைத்தவர். சபா நிகழ்ச்சிகளுக்கு நாற்காலி போடுவது முதல் நன்றியுரை வரை ஓடியாடிச் செய்பவர். சிகிச்சைக்குப் பின் அவர் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர், ஏறத்தாழ ஒரு மாதம் அந்த நாற்காலியைவிட்டு அதிகம் எழவில்லை. “என்னங்க, கொஞ்சம் வராந்தா வரைக்குமாவது வாங்களேன்” என்று மனைவி அழைத்தால், “தையல் பிரிந்துவிட்டால் யார் பொறுப்பு?” என்பார். அந்த அம்மையாருக்கும் உள்ளூர அதே அச்சம். எனவே இரண்டாம் முறை வற்புறுத்த மாட்டார். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பார். இருமினால் ஓடி வருவார். கணவரை ஓர் அடிகூட நடக்கவிடாமல் காப்பது அன்பு என்று அவர் கருதினார். அந்த அன்பே நோயாளிக்கு, ‘நாம் இன்னும் பெரிய ஆபத்தில்தான் இருக்கிறோம்’ என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது.

இவ்வச்சம் அவர்களுடையது மட்டுமன்று. மருத்துவ நூல்களும் நெடுங்காலம் இதனையே போதித்தன. இத்தனைக்கும் பழைய மருத்துவர் ஒருவர் நேர்மாறானதைக் கண்ணாரக் கண்டு எழுதியிருக்கிறார். இருதய வலியின் இயல்பைப் பதினெட்டாம் நூற்றாண்டில் முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். அந்நோயுடைய ஒருவர் தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைக் கடமையாக வைத்துக்கொண்டு, கிட்டத்தட்டக் குணமடைந்ததாக அவர் குறித்துள்ளார். அந்தக் குறிப்பைப் பின்வந்தோர் பொருட்படுத்தவில்லை. 1912-இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், இருதய இரத்தக் குழாய் அடைபட்டவர்களும் உயிர் பிழைக்கலாம் என்று காட்டிய பின்னர், அவர்களை ஆறு வாரம், எட்டு வாரம் படுக்கையிலேயே கிடத்துவது வழக்கமாயிற்று. தாமாக உணவு உண்ணவும் விடமாட்டார்கள், செவிலியர் ஊட்டுவர்.

இந்த வழக்கத்தை முதலில் அசைத்தது ஒரு சாய்வு நாற்காலி எனலாம். பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் 1950-களின் தொடக்கத்தில் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தனர். இது கொலைக்கு ஒப்பான செயல் என்று சக மருத்துவர்கள் அஞ்சினர். நோயாளிகளோ தெளிவு பெற்றனர், முகம் மலர்ந்தனர். 1955-இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் டென்வர் நகரில் மாரடைப்பால் தாக்குண்டபோது, அவரைக் கவனித்த டாக்டர் பால் டட்லி ஒயிட், படிப்படியாக எழுந்து நடமாட வைத்தார். அடுத்த ஆண்டே ஐசன்ஹோவர் மீண்டும் தேர்தலில் நின்று வென்றார். இருதய நோய் வந்தவர் இனி நாற்காலிக்குத்தான் உரியவர் என்ற எண்ணம் பொதுமக்களிடையே அப்போதுதான் தளர்ந்தது.

லண்டன் பஸ்களைப் பற்றிய ஆராய்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். மாடி பஸ்ஸில் பழகிய மும்பை நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜெரி மோரிஸ் என்னும் அறிஞர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட, மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று கண்டார். கண்டக்டர் நாளொன்றுக்குச் சுமார் 600 படி ஏறினார். மோரிஸ் நேர்மையான ஆராய்ச்சியாளர். ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பருமனானவர்கள் என்பதை அவர்களுடைய சீருடையின் இடுப்பளவைக் கொண்டு அவரே பின்னர் எடுத்துக் காட்டினார். ஆகவே எல்லாப் பெருமையும் படிக்கட்டுக்கே உரியது என்று கூறுவதற்கில்லை. எனினும் இருதயத்துக்கு உழைப்பு பகையன்று என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

படுக்கை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1966-இல் அளந்தே பார்த்தனர். நல்ல உடல்நலமுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். உழைக்கும்போது பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களது ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று தெரிந்தது. இருபது வயது இளைஞர் கதி இதுவென்றால், அறுபது வயதில் மார்பு திறக்கப்பட்டு, மாதக்கணக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கதி என்னாவது?

இனி, பயிற்சி எனில் எத்தகைய பயிற்சி? பளு தூக்குவதன்று, தண்டால் எடுப்பதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவைத் தசைகள் இடைவிடாது பெற்றுக்கொண்டு, மூச்சு முட்டாமல் நெடுநேரம் செய்யக்கூடிய இயக்கமே இங்கு வேண்டுவது. இதனையே ‘ஏரோபிக்’ பயிற்சி என்கிறார்கள். நடை, நிலையான மிதிவண்டி மிதித்தல், காயம் நன்கு ஆறிய பிறகு நீந்துதல் ஆகியவை இவ்வகை. இவற்றுள் நடைக்குக் கருவி வேண்டுவதில்லை, கட்டணம் இல்லை. தொடர்ந்து நடப்பவரின் கால் தசைகள், வரும் இரத்தத்திலிருந்தே அதிகப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. அதனால் அதே வேலைக்கு இருதயம் முன்னைவிடக் குறைந்த தடவை துடித்தால் போதும். இரத்தக் குழாய்களின் உட்சுவர் நெகிழ்கிறது. இரத்த அழுத்தம் தணிகிறது. சர்க்கரை கட்டுக்குள் வருகிறது.

மனத்துக்கு இது செய்யும் நன்மையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் மனச்சோர்வுற்ற 156 பேரை ஆராய்ந்து 1999-இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் அனைவரும் 50 வயது கடந்தவர்கள். ஒரு சாராருக்கு மருந்து, ஒரு சாராருக்கு வாரம் மூன்று முறை நடை அல்லது மெல்லோட்டம், ஒரு சாராருக்கு இரண்டும். மருந்து விரைவில் பலன் தந்தது. ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று சாராரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தனர். பின்னர் 2012-இல், இருதய நோயும் மனச்சோர்வும் ஒருங்கே உடைய 101 பேரிடம் அதே குழுவினர் சோதித்தனர். வெற்று மாத்திரை உண்டவரைக் காட்டிலும், மருந்து உண்டவரும் பயிற்சி செய்தவரும் அதிகம் தேறினர்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு அறிஞர் பல காரணம் கூறுவர். நல்ல உறக்கம் ஒன்று. அழற்சி தணிதல் ஒன்று. மூளையின் இரசாயனப் பொருள்களில் மாறுதல் ஒன்று. நம் கருத்தில் இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று உண்டு. இருதய நோயாளி தம் துடிப்பைக் கண்டே அஞ்சுகிறார். துடிப்பு வேகமெடுத்தால் அதுவே முடிவின் அறிகுறி என்று எண்ணுகிறார். நடக்கும்போது துடிப்பு வேகமெடுக்கிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. பிறகு உட்கார்ந்தால் எல்லாம் தானே அடங்குகிறது. ஒன்றும் நேரவில்லை! நேற்றும் நேரவில்லை, இன்றும் நேரவில்லை என்று இருபது நாள் கண்ட மனம், எந்த மருத்துவரின் ஆறுதல் மொழியாலும் அடைய முடியாத நம்பிக்கையைத் தானே அடைகிறது. மாதுங்கா நண்பரை எழுப்பியதும் இதுவே. மருத்துவமனையின் உடற்பயிற்சியாளர் ஒருவர் அவரை அழைத்துச் சென்று, கையைப் பிடித்தபடி ஒரு மாடி ஏற்றி இறக்கினார். மேலே நின்று அவர் தம் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாராம். “ஓடுகிறது, ஐயா” என்றாராம். மறுநாள் அவரே மனைவியை நடைக்குக் கூப்பிட்டார்.

செய்முறைக்கு வருவோம். அறுவைக்கு மறுநாளோ இரண்டாம் நாளோ மருத்துவமனையிலேயே எழுப்பி நடத்துகிறார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் சில படிகளும் ஏற்றிப் பார்க்கிறார்கள். வீட்டில் முதல் வாரம், சமதரையில் ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை போதும். பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஒரே மூச்சில் முப்பது நிமிடம் நடக்கும் நிலை பலருக்கு வந்துவிடும். சிலருக்கு அதிக நாள் ஆகும். இருதயத் தசை வலுவிழந்தவர்களுக்கும், வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் வேறு கணக்குச் சொல்வார், அதுவே அவர்களுக்குச் சட்டம். அடுத்த வீட்டுக்காரர் மூன்றாம் வாரமே மூன்று கிலோமீட்டர் நடந்தார் என்பதை ஒரு செவியில் வாங்கி மறு செவியில் விட்டுவிடுங்கள்.

வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். இவ்வளவே அளவுகோல். கைக்கடிகாரத்தில் நாடித் துடிப்பைப் பார்த்து நடப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். இச்சிகிச்சைக்குப் பின் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைப் பலர் உட்கொள்கின்றனர். அம்மாத்திரை உள்ளே இருக்கும்போது, எவ்வளவு உழைத்தாலும் எண்ணிக்கை அதிகம் ஏறாது. எண் குறைவாக இருக்கிறதே என்று விரைந்து நடப்பது தவறு. தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் ஐந்து நிமிடமும் மெல்ல நடக்க வேண்டும். திடீரென நின்றால் சிலருக்குத் தலை சுற்றும். உணவு உண்டவுடன் நடத்தல் கூடாது. ஒரு மணி நேரமேனும் கழியட்டும்.

மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமும், முழு வலிமை பெறுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதமும் வேண்டும். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த தண்ணீர் வாளி, அரிசி மூட்டை, அடம் பிடிக்கும் பேரப் பிள்ளை ஆகிய மூன்றும் இந்தத் தடைக்குள் அடங்கும். கைகளை ஊன்றி எழாமல், பக்கவாட்டில் திரும்பி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். நெரிசல் மிக்க மும்பை மின்ரயிலில் முழங்கை இடிபட்டுப் போவது இக்காலத்துக்கு ஏற்றதன்று. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் எல்லாம் மருத்துவர் அனுமதித்த பிறகே.

நடக்கும்போது மார்பில் இறுக்கமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ, தலைச்சுற்றலோ, தாறுமாறான படபடப்போ தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். ஓய்வுக்குப் பின்னும் தணியாவிடின் தாமதமின்றி மருத்துவமனை. தையல் வாயில் சீழ், காய்ச்சல், மார்பெலும்பில் ‘கடக்’ என்ற அசைவு, இரண்டொரு நாளில் எடை விறுவிறுவென்று கூடிக் கால் வீங்குதல் ஆகியவையும் காத்திருக்கத் தகாதவை. குழாய் எடுத்த காலில் சிறிது வீக்கம் இருப்பது இயல்பே. உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் வடியும்.

எங்கே நடப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். தில்லியில் இருப்போர் மார்கழி மாத வழக்கத்தை மறந்துவிட வேண்டும். ஊரில் வைகறைப் பனி உடலுக்கு நல்லதாக இருக்கலாம். தில்லிக் குளிர்காலத்து வைகறையில் இருப்பது பனியோடு கலந்த புகை. கடுங்குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகை மேலும் கெடுக்கும். வெயில் ஏறிய பிறகு முற்பகலில் நடக்கலாம். புகை மிகுந்த நாட்களில் வீட்டுக் கூடத்திலேயே நடப்பது மேல். ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்குச் சென்று சுவாமிநாதனைத் தரிசிக்க விரும்புவோர், படிகளை நடுநடுவே நின்று ஏறுக. மும்பையின் மழைக்காலத்தில் வழுக்கும் நடைபாதையைவிடக் கட்டடத்து வராந்தா பத்திரமானது. கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையை நம்மவர் அறிவர். அங்கே நடப்பவர்களில் தமிழ் பேசும் துணை எளிதில் கிடைக்கும். துணையோடு நடப்பவரே பயிற்சியை விடாமல் தொடர்கிறார் என்பது நாம் நேரில் கண்டது.

யோகாசனம் செய்யலாமா என்று பலர் கேட்கின்றனர். நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் யோகத்தை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்றவர்கள் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர். பழைய அலுவல்களுக்குத் திரும்புவதிலும் முந்தினர். மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக உறுதி கூறும் அளவுக்குச் சான்று அதில் கிடைக்கவில்லை. அது மாரடைப்பாளரைப் பற்றியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மார்பு திறக்கப்பட்டவர்கள் எலும்பு கூடும்வரை கைகளை ஊன்றும் ஆசனங்களையும் மார்பை விரிக்கும் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும். மெல்லிய மூச்சுப் பயிற்சியும் நடையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல, இரண்டையும் செய்யலாம்.

பெண்மணிகளைப் பற்றித் தனியே கூறாமல் இருக்க முடியவில்லை. ஆண் நோயாளியை நாற்காலியில் உட்கார்த்தி வைக்கும் அதே குடும்பம், பெண் நோயாளியை மூன்றாம் வாரத்தில் சமையலறைக்கு அனுப்பிவிடுகிறது. “அம்மா சும்மா இருக்க மாட்டாள்” என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறது. குக்கரைத் தூக்குவதும், மாவரைக்கும் இயந்திரத்தின் கல்லை எடுத்து வைப்பதும், துணி பிழிவதும் ஆறாத எலும்புக்குத் தீங்கு. வீட்டு வேலை என்பது நின்று நின்று செய்யும் துண்டு துண்டான உழைப்பு. அது உடலை அயர்த்தும், இருதயத்தை அவ்வளவாகப் பழக்காது. வெளியே இருபது நிமிடம் தனக்கென்று நடக்க அவளுக்கு ஒருவரும் நேரம் ஒதுக்கித் தருவதில்லை. மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பெண்கள் குறைவாகவே அனுப்பப்படுகின்றனர் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. அவள் அழுதால் அடுப்புப் புகை என்றும், பேசாதிருந்தால் இயல்பே அதுதான் என்றும் கருதிவிடுவதால், மனச்சோர்வும் கண்ணில் படாமல் போகிறது.

நடை எல்லா மனநோய்க்கும் மருந்தாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துக்கம், எதிலும் பற்றின்மை, உறக்கமின்மை, பசியின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், அடுத்த முறை இருதய மருத்துவரைக் காணும்போது அதையே முதலில் கூறுங்கள். நோயாளி கூறத் தயங்கினால் உடன் செல்வோர் கூறலாம். இருதய நோயாளிகளும் உட்கொள்ளத்தக்க மருந்துகள் உள்ளன. பேசித் தேற்றும் சிகிச்சையும் உண்டு. வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் தலைகாட்டுமாயின் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, எந்த மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம். தமிழ் உட்படப் பல மொழிகளில் பேச ஆள் உண்டு. தாய்மொழியில் வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் தவிப்போருக்கு இது பெரிய உதவி.

இறுதியாக, ஊருக்குப் போவது பற்றி. சிகிச்சை முடிந்த நோயாளி கேட்கும் முதல் கேள்வியே பெரும்பாலும் இதுதான். மருத்துவர் அனுமதித்த பின் போகலாம். போய் வந்தவர்கள் மனம் தெளிந்து திரும்புவதையும் பார்த்திருக்கிறோம். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாள் ஆகிறது. கீழ்ப் படுக்கையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெட்டியைச் சுமை கூலிக்காரரிடமே விடுங்கள். பேரம் படியவில்லை என்று தாமே தூக்க முற்படாதீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை எழுந்து, வண்டியின் இடைவழியில் ஒருமுறை போய் வாருங்கள். கம்பியைப் பற்றிக்கொள்ளத் தவற வேண்டாம். மாத்திரைகளையும் மருத்துவமனை கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தையும் பெட்டிக்குள் பூட்டாமல் கைப்பையில் வைத்திருங்கள். ஊர் சேர்ந்ததும் உறவினர் கட்டில் போட்டுக் காத்திருப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மாலையில் தெருக்கோடி வரை நடந்து வாருங்கள்.